வேண்டுமென்றே விட்ட சொற்கள்

பணம் வந்துவிட்டது என்று டென்னெஹி மேசைமேல் ஏறி நின்று சொன்னபோது வெஸ்னா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை ஆட்டம் முடிந்திருந்தது. மைதானத்தின் கடலோரப் பக்கம், காற்றுக்கு மறைப்பாகத் தகரம் சாத்திய அடுப்படியில், ரொட்டித் துண்டில் சாஸேஜும் வெங்காயமும் வைத்துக் கொடுப்பது அந்த வாரம் அவள் முறை. ஆட்டக்காரர்களின் மனைவிமார் எல்லோருக்கும் முறை உண்டு. யாராவது முறை மாற்றிக் கேட்டால் மாற்றிக்கொடுப்பவள் வெஸ்னாதான்.

டென்னெஹி கிளப்பின் மேலாளர். வார நாட்களில் குழாய் பதிக்கும் வேலை எடுத்துச் செய்பவர். பேச்சு வராது. அன்றைக்கு வந்தது. தேசிய ரக்பியின் இரண்டாம் படிப் போட்டியை இழுத்து மூடப்போகிறார்கள் என்று எத்தனை வருடமாக நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு வசந்தத்திலும் இதுதான் கடைசி, காசு இல்லை என்பார்கள். இப்போது தொலைக்காட்சிக்காரர்களும் அரசாங்கமும் சேர்ந்து ஐந்து வருடத்துக்குப் பொறுப்பு ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எட்டு அணி இனிமேல் பன்னிரண்டு. புதிதாக வரும் நான்கில் ஒன்று, எஃகு ஆலையிலிருந்து தெற்கே மீன்பிடி ஊர்கள் வரைக்குமான நம்முடைய கடற்கரை. எடுபடும் ஆட்டக்காரர்களுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று இல்லை, அரை வருடத்துக்கு முழுச் சம்பளம்.

"இனிமே வெள்ளிக்கிழமை இறைச்சித் தட்டைப் பரிசா வச்சுக் குலுக்கல் சீட்டு வித்துப் பந்து வாங்க வேண்டாம்டா," என்றார்.

"அப்ப நான் எதுக்கு வரணும்?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பீர் தெறித்தது.

வெஸ்னா கணவனைத் தேடினாள். இனோக்கே அவன் வழக்கமாக நிற்கும் இடத்தில், கூட ஆடும் மக்காவின் தோளில் கை போட்டபடி நின்றான். இரண்டு அணியும் குனிந்து தோளால் முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் இருவரும் முன்வரிசை. பன்னிரண்டு வருடமாக ஒருவன் தோள் இன்னொருவன் அக்குளில் என்று நின்று நின்று, சும்மா நிற்கும்போதும் அப்படியே நிற்பார்கள். இனோக்கே அழுதுகொண்டிருந்தான். டோங்கா தீவுக்காரர்கள் அழுவதை மறைப்பதில்லை. முப்பத்தோரு வயது. இந்தப் போட்டியில் ஒரு முறையாவது ஆடிவிட வேண்டும் என்று, எஃகு ஆலையில் தகட்டுச் சுருளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வருடமும் சிட்னி அணிகள் கூப்பிடும் என்று காத்திருந்து, கூப்பிடாமல் போனவன். அடுத்த வருடம் முழங்கால் ஒத்துழைக்காது என்று அவனுக்கே தெரியும். கூப்பிட்டால் இந்த வருடம்தான்.

அவள் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். பல் மருத்துவர் ஊசி போட்ட உதடு மாதிரி இருந்தது. இருக்கிறது, தொட்டால் தெரிகிறது, தன்னுடையது என்றுதான் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வரும் என்று நினைத்து வெங்காயத்தைப் புரட்டினாள்.

உள்ளே இப்படி மரத்துப்போவது எப்போது ஆரம்பித்தது என்று அவள் சில சமயம் யோசித்தது உண்டு. கல்யாணமான புதிதில், ஸ்க்ரம் சரிந்து இனோக்கே அடியில் மாட்டும் ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து நின்றுவிடுவாள். பக்கத்தில் இருக்கும் மனைவிமார் கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள். பிறகு எழுந்து நிற்பது நின்றது. உள்ளே ஏதோ ஒன்றை, விளக்கு மாதிரி, சனிக்கிழமை மத்தியானம் அணைத்து வைக்கக் கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். எந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்ற மறந்தாள் என்பது நினைவில்லை.

அடுத்த வாரம் டென்னெஹி முடி வெட்டிக்கொள்ள வந்தார். வெஸ்னாவின் கடை, பேருந்து நிற்கும் முனையில், இரண்டே நாற்காலி. கிளப்பில் பாதித் தலைகள் அவள் கைக்குத்தான் வரும். எந்தத் தலையில் எங்கே தையல், எந்தக் காது நசுங்கி பூக்கோசு மாதிரி ஆனது என்பதெல்லாம் அவளுக்குக் கண்ணை மூடினால் தெரியும். டென்னெஹியின் கழுத்தில் துணியைக் கட்டினாள்.

"உன் வீட்டுக்காரன் மார்க் ரொம்பக் கம்மிம்மா," என்றார் பிறகு, கண்ணாடியைப் பார்த்து.

"என்ன மார்க்?"

"பிப்ரவரில எடுப்போமே, ஞாபகப் பரீட்சை. புது காப்பீட்டுக்காரன் எல்லாத்தையும் வாங்கிப் பார்த்துட்டான். ஒரு கோடு போட்டு, அதுக்குக் கீழ உள்ளவங்களுக்கு ஒப்பந்தம் கெடையாதுங்கறான். நம்மாளுங்க பாதிப் பேரு கோட்டுக்குக் கீழ."

வெஸ்னாவுக்குச் சிரிப்பு வந்தது. டென்னெஹியும் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பரீட்சை ஊருக்கே தெரிந்த கதை. ஒவ்வொரு பிப்ரவரியிலும், வெயிலில் முதல் பயிற்சி முடிந்ததும், கிளப் கூடத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். பத்துச் சொல் வாசிப்பார்கள், திருப்பிச் சொல்ல வேண்டும். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அதே பத்துச் சொல்லை மறுபடி கேட்பார்கள். நல்ல நிலையில் ஒருவனுக்கு என்ன மதிப்பெண் என்று குறித்து வைத்துக்கொண்டால், பின்னால் தலையில் அடிபட்ட அன்றைக்கு மறுபடி கேட்டு ஒப்பிடலாம். குறைந்திருந்தால் உட்கார வைத்துவிடுவார்கள். உட்கார யாருக்கும் விருப்பமில்லை. அதனால் முதலிலேயே குறைத்துச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. இந்த வித்தையைச் சின்னப் பையன்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தது மக்கா. முதல் நாளே முட்டாளா இருந்துட்டா அப்புறம் முட்டாளாயிட்டேன்னு எவனும் சொல்ல முடியாது மச்சான் என்பான். ஒரு வருடம், மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னதற்கு அவன், டிசம்பர், கிறிஸ்துமஸ், நவம்பர் என்று சொல்லிவிட்டு வந்தான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இனோக்கே வீட்டுக்கு வந்து, நான் ஆறு சொல்லோட நிறுத்திட்டேன் வெஸ், அதுக்கு மேல சொன்னா சந்தேகப்படுவாங்க என்று சொன்னதும், அவளும் சிரித்ததும் அவளுக்கு நினைவிருந்தது.

இப்போது அந்தப் பொய் மதிப்பெண்தான் ஒப்பந்தத்துக்குக் குறுக்கே நிற்கிறது.

"ஒண்ணும் பயப்படாதே," என்றார் டென்னெஹி. "பொய் சொன்னோம்னு ஒத்துக்கிட்டு கிளப் டாக்டர் இங்க்ரிட் முன்னாடி மறுபடி ஒழுங்கா எழுதணும். மார்க் ஏறும். நாலு திட்டு வாங்கிக்கணும். அவ்வளவுதான். நேத்து மக்கா போனான். பத்துக்குப் பத்து. அவனுக்கு மூளை இருக்குன்னு இருபது வருஷத்துல முதல் தடவையா நிரூபிச்சிருக்கான். அதைப் படம் எடுத்து அவங்கம்மாவுக்கு அனுப்பினானாம்."

அவர் பின்கழுத்தைச் சவரம் செய்யும்போது தன் கை ஆடாமல் இருப்பதை வெஸ்னா கவனித்தாள். ஆட வேண்டும் என்று ஏன் நினைத்தோம் என்று பிறகுதான் யோசித்தாள்.

பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் இனோக்கே தனக்கும் முடி வெட்டிவிடச் சொன்னான். வீட்டில் அதற்கான இடம் துணி துவைக்கும் அறை. பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவான். அப்படி உட்கார்ந்தால்தான் அவன் உச்சந்தலை அவளுக்கு எட்டும். மகள் மிலா கூடத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக, கப்பல்கள் நிலக்கரிக்காக வரிசையில் நிற்பது தெரிந்தது.

"நீ வாசி, நான் சொல்றேன்," என்றான். "ஒத்திகை."

"எதுக்கு? உனக்குத்தான் வருமே."

"சும்மா வாசியேன். ஆட்டத்துக்கு முன்னாடி ஒடம்பச் சூடு பண்றதில்லையா."

அவள் கத்தரியை நிறுத்தாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். கதவு, மணல், ஊசி, குதிரை, மழை, தலையணை, பாலம், உப்பு, ஆரஞ்சு, கண்ணாடி. அவன் கதவு, மணல், ஆரஞ்சு, கண்ணாடி என்றான். கொஞ்சம் பொறுத்து, கப்பல் என்றான்.

"கப்பல் நான் சொல்லவே இல்ல."

"ஜன்னல்ல தெரியுது, அதான்." சிரித்தான். தோள் குலுங்கியது. "இப்பவும் நான் விளையாடறேன்னு நெனைச்சுக்கோ."

அவள் நினைத்துக்கொண்டாள். காதுக்குப் பின்னால் முடி ஒதுக்கியபோது விரலில் பழைய மேடு தட்டுப்பட்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றும் எந்த ஊரில் எந்த ஆட்டத்தில் என்று அவளால் சொல்ல முடியும். அவனுக்குச் சொல்ல வருமா என்ற எண்ணம் வந்தது, அதை அப்படியே விட்டாள்.

ஆனால் ஒன்று வந்தால் அதன் பின்னாலேயே மற்றது வந்துவிடுகிறது. கோடையில் அவன் மிலாவை நீச்சல் குளத்தில் விட்டுவிட்டு வண்டியை அங்கேயே மறந்து நடந்து வீட்டுக்கு வந்தான். இரவு ஷிஃப்ட் அசதி என்று அவளே சொல்லித் தேற்றினாள். ஒரே வாரத்தில் மூன்று தடவை பால் வாங்கி வந்தான். அதெல்லாம் யாருக்கும் நடக்கும். அவளை யோசிக்க வைத்தது வேறு. கிளப்பில் இனோக்கே என்றாலே எல்லோருக்கும் பிடிக்கும், ஏனென்றால் ஒவ்வொருவர் பெயரும், அவர்கள் பிள்ளைகள் பெயரும், நாயின் பெயரும் அவனுக்குத் தெரியும். தெரிந்திருந்தது. இப்போது எல்லோரும் அவனுக்குத் தலைவர். வா தலைவரே, எப்படி இருக்க தலைவரே, அம்மா நல்லாருக்காங்களா தலைவரே. பையன்கள் அவனையே தலைவரே என்று கூப்பிட்டுக் கேலி பண்ணுவார்கள். எப்போதிலிருந்து? போன குளிர்காலமா, அதற்கு முந்தியா? பெயர்கள் ஒவ்வொன்றாக நின்றபோது அவள் பக்கத்திலேயேதான் இருந்திருக்கிறாள். சத்தம் நின்றால்தான் சத்தம் இருந்தது தெரியும் என்பார்கள். அவளுக்கு நின்றதுகூடத் தெரியவில்லை.

"முடிஞ்சுதா?" என்றான்.

"முடிஞ்சுது," என்று சொல்லித் துணியை உதறினாள்.

டாக்டர் இங்க்ரிட்டின் அறையில் ஜன்னலோரமாக வெஸ்னாவுக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்தார்கள். மனைவி உள்ளே இருக்கலாம், உதவக் கூடாது. இனோக்கே இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடுவது. டாக்டர் சுருக்கமாகத் திட்டினார். இந்தப் பரீட்சை உங்களைக் காப்பாற்றத்தான், அதையே ஏமாற்றினால் யாருக்கு நஷ்டம் என்றார். இனோக்கே பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையைக் குனிந்து, மன்னிச்சிருங்க டாக்டர் என்றான். பிறகு ஆரம்பித்தது.

அவன் முயற்சி செய்வதை வெஸ்னா நிறையப் பார்த்திருக்கிறாள். ஐந்து கெஜம் மிச்சமிருக்கும்போது முதுகில் மூன்று பேரைச் சுமந்துகொண்டு எல்லைக் கோட்டை நோக்கிப் போவதைப் பார்த்திருக்கிறாள். மிலா பிறந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளைவிட அதிகமாக மூச்சு விட்டதைப் பார்த்திருக்கிறாள். இந்த மாதிரிப் பார்த்ததில்லை. டாக்டர் ஒவ்வொரு சொல்லாக வாசிக்க, அவன் உதடு கூடவே அசைந்தது. கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடித்தான். சொல்ல ஆரம்பித்தபோது முதல் மூன்று சட்டென்று வந்தன. நான்காவது வந்தது. பிறகு அவன் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தான், ஸ்க்ரமில் இறங்குவதற்கு முன் பிடிப்பது போல. இஸ்திரிச் சட்டையின் முதுகில் வியர்வை இறங்கியது. ஐந்து. கண்ணை மூடினான். ஆறு. ஏழாவது வரவில்லை. வெளியே யாரோ ஒரு வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். அதன் எச்சரிக்கை ஒலி கேட்டுக்கொண்டே இருந்து, நின்றது.

மாதங்களைப் பின்னாலிருந்து சொன்னான். ஆகஸ்டை விட்டுவிட்டான். ஒற்றைக் காலில் நன்றாக நின்றான். மறுபடி அந்தப் பத்துச் சொல்லைக் கேட்டபோது மூன்று சொன்னான்.

டாக்டர் திரையை இரண்டு தடவை பார்த்தார். குரலில் இருந்த கண்டிப்பு போயிருந்தது.

"பிப்ரவரில என்ன மார்க்கோ அதேதான் வந்திருக்கு, இனோக்கே."

"இருக்க முடியாது டாக்டர். அப்ப நான் வேணும்னே தப்பாச் சொன்னேன்."

"எப்படிச் சொன்னீங்க?"

"ஆறோட நிறுத்திட்டேன். தெரிஞ்சும் சொல்லல."

"சொல்லாம விட்டது எதை எதை? ஞாபகமிருக்கா?"

அவன் வாயைத் திறந்தான். ஒரு நியாயமான கேள்விக்கு நியாயமான பதில் சொல்லப்போகிறவன் முகம். பிறகு மெதுவாக வெஸ்னா பக்கம் திரும்பினான். எங்கே வைத்தேன், நீ பார்த்தாயா என்று வண்டிச் சாவியைக் கேட்பது மாதிரி ஒரு பார்வை. அவள் தரையைப் பார்த்தாள். உதவக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் நிறையப் பேசினார். இது மட்டும் வைத்து ஒன்றும் முடிவுசெய்ய முடியாது, தூக்கக் குறைவிலும் இப்படி வரும், மூளையைப் படம் எடுக்க வேண்டும், சிட்னியில் நிபுணர் ஒருவர் இருக்கிறார் என்றார். ஆட்டக்காரர்கள் ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு உண்மையையே சொல்லிவிட்டுப் போவதைத் தான் பார்ப்பது இது முதல் முறையல்ல என்றும் சொன்னார். ஒன்று மட்டும் நிச்சயம் என்றார். இனி ஆட்டம் கிடையாது. இந்த அணிக்கு மட்டுமில்லை, சனிக்கிழமை கிளப் ஆட்டமும் கிடையாது.

வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். தெற்குக் காற்று அடித்தது. இனோக்கே, "நான் பொய்தான் வெஸ் சொன்னேன் அப்போ," என்றான்.

"தெரியும்," என்றாள்.

"நீ சிரிச்சியே."

"ஆமா, சிரிச்சேன்."

அவன் தலையாட்டினான். அவளுக்கு அழுகை வரும் என்று இரண்டு பேரும் கொஞ்சம் காத்திருந்த மாதிரி இருந்தது. வரவில்லை. அவள் ஓட்டுநர் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

குளிர்காலம் போயிற்று. படம் எடுத்தார்கள். நிபுணர், உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சொல்லாமலும் இருக்க முடியாது என்கிற மாதிரி பேசினார். எஃகு ஆலையில் இரவு ஷிஃப்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். புது அணிக்குப் பெயர் வைத்தார்கள், நிறம் வைத்தார்கள். நிறம் யாருக்கும் பிடிக்கவில்லை, பிறகு பழகிவிட்டது. மைதானத்தில் புதிய விளக்குக் கம்பம் நட்டார்கள். சாஸேஜ் அடுப்படியை இடித்துவிட்டு, வண்டியில் வைத்து விற்கும் ஆட்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். மனைவிமார் முறை என்பது இல்லாமல் போயிற்று. வெஸ்னாவுக்குச் சனிக்கிழமைகளில் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அணி அறிவித்தபோது மக்கா இருந்தான். முன்வரிசையில் இனோக்கேயின் இடத்தில் சிட்னியிலிருந்து ஒருவன் வந்தான். ஃபிஜியிலிருந்து இரண்டு பேர், வடக்குக் கரையிலிருந்து சிலர், மற்றவர்கள் உள்ளூர்.

செப்டம்பரில் டென்னெஹி வீட்டுக்கே வந்தார். முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் ஜெர்சி கொடுக்கும் சடங்கு இருக்கிறது. ஆடி ஓய்ந்த ஒருவர் ஒவ்வொரு ஆட்டக்காரனாகக் கூப்பிட்டு, ஜெர்சியைக் கையில் கொடுத்து, அவன் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாமல் கொடுத்த ஜெர்சி செல்லாது என்பது இந்தக் கடற்கரையில் பழைய பேச்சு. கையில் தாள் வைத்துக்கொண்டு வாசிப்பதும் கிடையாது, வாசிப்பவனை ஊளையிட்டே உட்கார வைத்துவிடுவார்கள்.

"முதல் அணிக்கு நீதான் குடுக்கணும்னு பசங்க எல்லாரும் சொல்றாங்க," என்றார் டென்னெஹி. காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முடியாதுன்னா சொல்லிடு. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

இனோக்கே உடனே, "முடியும் தலைவரே," என்றான்.

அவருக்கு விடைகொடுத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து, "சொல்லிக் குடுப்பியா?" என்று அவளிடம் கேட்டான். வேறு எதுவும் அவன் அவளிடம் இதுவரை கேட்டதில்லை போல இருந்தது. ஆட்டம் போயிற்று, சம்பளம் போயிற்று, இந்த ஒரு சாயங்காலம் மட்டும் தன் ஆட்களுக்கு முன்னால் தானாக நிற்க வேண்டும். அவ்வளவுதான் மிச்சம் என்று அவளுக்குப் புரிந்தது.

சாப்பாட்டு மேசையில் தினமும் உட்கார்ந்தார்கள். அவள் தொலைபேசியில் ஒவ்வொரு ஆட்டக்காரன் முகமாகக் காட்டுவாள், அவன் பெயரைச் சொல்வான். மிலாவும் சேர்ந்துகொண்டாள், அவளுக்கு இது விளையாட்டு. புது ஆட்கள்தான் கஷ்டம் என்று அவர்களையே திரும்பத் திரும்பக் காட்டினாள். ஃபிஜிக்காரர்கள் இருவரையும் அவன் மாற்றி மாற்றிச் சொன்னான். ஒருவனுக்குப் புருவத்தில் வெட்டு, அதை வைத்துப் பிடித்துக்கொள் என்றாள். தன் இடத்தில் வந்த சிட்னிக்காரன் பெயரை முதல் நாளே பிடித்துக்கொண்டான், அது மறக்கவில்லை. உள்ளூர்ப் பையன்களுக்கு அவர்கள் அப்பாவின் தொழிலை வைத்து ஞாபகப்படுத்தினாள். கடைசி நாள் மூன்று சுற்று, ஒரு பெயர்கூடத் தப்பவில்லை. மிலா கைதட்டினாள். அவன் குழந்தையைத் தூக்கிச் சுற்றினான். வெஸ்னா மேசையைத் துடைத்தாள்.

சடங்கு கிளப் கூடத்தில், பிப்ரவரி தோறும் பரீட்சை வைக்கும் அதே கூடத்தில் நடந்தது. நாற்காலிகளை நெருக்கிப் போட்டிருந்தார்கள். பெற்றோர், மனைவிமார், பழைய ஆட்டக்காரர்கள், தொலைக்காட்சியிலிருந்து படம் பிடிக்கும் ஓர் ஆள். இனோக்கே முன்னால் நின்றான், இஸ்திரிச் சட்டை, இடுப்பில், டோங்கா வழக்கப்படி, அவன் அப்பா ஒரு காலத்தில் கட்டிய கோரைப் பாய். மேசையில் ஜெர்சிகள் எண் வரிசைப்படி இருந்தன. இருபத்து மூன்றிலிருந்து இறங்கு வரிசையில் கொடுத்துக்கொண்டு வர வேண்டும், முன்வரிசை கடைசியில் வரும்.

அவன் நன்றாகச் செய்தான். ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஜெர்சியைக் கொடுத்து, நெற்றியோடு நெற்றி வைத்தான். ஃபிஜிக்காரர்கள் மாறவில்லை. ஒரு பையனிடம், உங்கப்பா போட்ட கூரை எங்க வீட்ல இன்னும் ஒழுகுதுடா என்றான். கூடம் சிரித்தது. வெஸ்னா ஒவ்வொரு பெயரையும் அவன் சொல்வதற்கு ஒரு நொடி முன்னால் தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். எண்கள் இறங்கின. பத்து. ஏழு. நான்கு. தன் இடத்துக்கு வந்தவனுக்குத் தன் எண்ணான இரண்டைக் கொடுத்து, அவன் பெயரைத் தெளிவாகச் சொல்லி, எல்லோரையும்விட நீண்ட நேரம் அணைத்துக்கொண்டான். டென்னெஹி கைக்குட்டையை எடுத்தார்.

ஒன்றாம் எண் மக்கா.

மக்கா எழுந்து வந்து முன்னால் நின்றான். அப்போதுதான் வெஸ்னாவுக்குத் தோன்றியது, மக்காவின் படத்தை அவள் ஒரு நாள்கூடக் காட்டவில்லை. எதற்குக் காட்டுவது? மக்காவை யார் காட்டுவார்கள்?

இனோக்கே ஜெர்சியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான். மக்காவைப் பார்த்தான். கனிவாகத்தான் பார்த்தான். பேருந்தில் இடம் விட்டுக்கொடுத்த முன்பின் தெரியாத நல்ல மனிதனைப் பார்க்கிற மாதிரி. வாய் சற்றுத் திறந்தது. சிரித்தான். பெயர் வரவில்லை. தலைவரே என்றுகூடச் சொல்லவில்லை.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பன்னிரண்டு வருடம் தோளோடு தோள் நின்றவர்கள், பேச்சு வரவில்லை பார் என்று பின்வரிசையில் ஒரு பெண் முணுமுணுத்தாள். வெஸ்னாவின் நாக்கில் அந்தப் பெயர் இருந்தது. சின்னப் பெயர். இருக்கையிலிருந்து சொன்னால் கேட்டுவிடும். அவனுக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும் கேட்கும். தொலைக்காட்சிக்காரன் கருவியைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு கைதட்டினாள்.

முதலில் அவள் மட்டும்தான் தட்டினாள். மிலா தட்டினாள். அப்புறம் பக்கத்து வரிசை, பிறகு கூடம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. அந்தச் சத்தத்துக்குள் மக்கா ஒரு எட்டு முன்னால் வந்து, ஜெர்சியோடு சேர்த்து அவனைக் கட்டிப்பிடித்தான். இனோக்கேயின் கை தானாக அவன் அக்குளுக்குள் போய், இருக்க வேண்டிய இடத்தில் பிடித்துக்கொண்டது. கைக்குத் தெரிந்திருந்தது. பெயர் சொல்லாமலே ஜெர்சி கைமாறிவிட்டது, அதை யாரும் கேட்கவில்லை.

பிறகு தேநீரும் கேக்கும் கொடுத்தார்கள். இனோக்கேயைச் சுற்றிக் கூட்டம், எல்லோரும் முதுகில் தட்டினார்கள். அவன் சந்தோஷமாக இருந்தான். நன்றாகச் செய்துவிட்டோம் என்று தெரிந்த முகம். மக்கா ஜெர்சியைத் தோளில் போட்டுக்கொண்டு வெஸ்னாவிடம் வந்தான். அவன் கண் சிவந்திருந்தது. பின்கழுத்தில் முடி வளர்ந்திருந்தது. அடுத்த வாரம் வரச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"இருபத்து ரெண்டு பேருக்கும் கடகடன்னு சொன்னான்," என்றான் மக்கா. "என்கிட்ட வந்ததும் பாத்தியா? பேச்சே வரல அவனுக்கு."

அவன் காத்திருந்தான்.

"ஆமா," என்றாள் வெஸ்னா. "உன்னைப் பாத்ததும் அவனுக்குத் தாங்கல."

மக்கா தலையைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளுடைய உள்ளங்கைகள் தட்டிய தட்டில் சிவந்து எரிந்துகொண்டிருந்தன. அவற்றைப் பாவாடையில் தேய்த்துவிட்டு, தேநீர் எடுக்கப் போனாள்.